நாகநாதன் யாரையும் கேட்காமல் செய்த வெள்ளாமை

நாகநாதனுக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. இது நாம் சொல்வதல்ல, அவரே சொல்வது. முதுகுளத்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் உள்ளே போனால் பொட்டக்குளம் வரும். அங்கே அவர் புஞ்சையில் விளையும் குண்டு மிளகாயைப் பற்றி யார் என்ன கேட்டாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை இதுதான். உரம் வைத்த விதமா, அவரே கண்டுபிடித்தது. களையெடுத்த பக்குவமா, அவர் மண்டையில் உதித்தது. வற்றலைத் தரையில் கொட்டாமல் தார்ப்பாயில் காயப்போடும் யோசனை ஒருநாள் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது தோன்றியதாம். ஆனானப்பட்ட ஆராய்ச்சிக்காரர்களுக்கே பல் விளக்கும்போது இப்படியெல்லாம் தோன்றுவதில்லை.

மற்றபடி நல்ல மனுஷர், அதில் சந்தேகமே வேண்டாம். ஊரில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் பந்தி பரிமாற முதல் ஆளாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பார். பஸ்ஸில் கைப்பிள்ளைக்காரி நின்றால் எழுந்து இடம் கொடுப்பார். ஒரே ஒரு குறை, ஒருவரிடம் ஒன்றை வாய்விட்டுக் கேட்கமாட்டார். ஒருமுறை பல்வலிக்கு ராமநாதபுரம் போனவர், பல் டாக்டர் வீடு எங்கே என்று கேட்கக் கூச்சப்பட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டே ஊரை இரண்டு சுற்று சுற்றினார். வலி அலுத்துப்போய்த் தானாக நின்றுவிட்டது. நடந்தால் பல்வலி போகும் என்று அன்றிலிருந்து ஊருக்கெல்லாம் வைத்தியம் வேறு சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்படிப்பட்டவரிடம்தான் புரட்டாசி வெயிலில் கவிப்ரியா வந்து சேர்ந்தாள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிற பெண். விவசாயிகள் வேலை செய்கிற இடத்திலேயே எப்படித் தொழில் கற்றுக்கொள்கிறார்கள், அப்படிக் கற்றவர்களுக்கு வெள்ளாமை முடிந்ததும் கையில் ஏதாவது மிஞ்சுகிறதா என்பது அவள் ஆராய்ச்சி. கேள்விகளும் பதில் கட்டங்களும் ஏற்றிய ஒரு டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். ஒவ்வொரு வேலையாகச் சொல்லி, இதை யாரிடம் கற்றீர்கள் என்று கேட்பாள். நாகநாதன் ஒவ்வொன்றுக்கும் நானாத்தேன், நானாத்தேன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். உள்ளே மிளகு ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்த அவர் மனைவி இராமலட்சுமிக்குப் புரையேறியது. தாளிப்பு நெடி என்று நாகநாதன் நினைத்துக்கொண்டார். அது நெடி இல்லை.

ஏனென்றால் நாகநாதன் தொழில் கற்ற இடம் எது என்று இராமலட்சுமிக்குத் தெரியும். அது அவர் புஞ்சையின் கிழக்கு வரப்பு. அந்த வரப்புக்கு அந்தப் பக்கம் இருப்பது அவர் தங்கை நாகலெட்சுமியின் புஞ்சை. நயினார்கோவில் நாகநாதசாமிக்கு வேண்டிப் பெற்ற பிள்ளைகள் என்பதால் இருவருக்கும் அந்தப் பெயர். தங்கையை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்து, பெற்ற அய்யா தன் நிலத்தைச் சரிபாதியாகப் பிரித்து ஆளுக்கொன்றாக வைத்துவிட்டுப் போனார். தங்கை புருஷன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான் இருப்பார். ஆகவே அந்தப் புஞ்சையில் உழவிலிருந்து வற்றல் வரைக்கும் நாகலெட்சுமியின் ராஜ்யம்தான்.

அண்ணனும் தங்கையும் பேசிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

காரணத்தைக் கேட்டால் சிரிக்கக் கூடாது. நாகலெட்சுமியின் மகள் சத்யப்பிரியாவுக்குச் சடங்கு வைத்திருந்தார்கள். தாய்மாமன் மாலை போட்டுத்தான் பெண்ணை மணையில் உட்கார வைக்க வேண்டும். தாய்மாமன் நாகநாதனோ முந்தின நாளும் அன்றைக்கும் ஒரு விவசாயப் பயிற்சிக்குப் போயிருந்தார். சொட்டுநீர்ப் பாசனப் பயிற்சி. பொட்டக்குளத்தில் கிணறு கிடையாது, போர் போட்டால் உப்புத் தண்ணீர் வரும், ஊரே வானத்தைப் பார்த்துத்தான் விதைக்கிறது. சொட்ட வைக்கத் தண்ணீர் எங்கே என்று அவரும் கேட்கவில்லை, அவரைக் கூப்பிட்டவர்களும் யோசிக்கவில்லை. மத்தியானம் பிரியாணி போடுகிறார்கள் என்று உட்கார்ந்தவர் பஸ்ஸை விட்டுவிட்டார். ராகுகாலம் நெருங்க, பெரியவர்கள் அவசரப்பட்டு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவரை வைத்து மாலையைப் போட்டு முடித்தார்கள். பயிற்சியில் கொடுத்த தொப்பியோடு வந்து இறங்கிய நாகநாதன், மருமகள் கழுத்தில் மாலையைப் பார்த்தார். சீர்த்தட்டுக்குப் பக்கத்தில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா என்பது அண்ணன் கோபம். கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்பது தங்கை கோபம். அன்றிலிருந்து பயிற்சி என்ற சொல்லே நாகநாதனுக்கு ஆகாது. ஒருவரிடம் கற்றுக்கொள்ளப் போய்த்தானே இவ்வளவும் வந்தது!

ஆனால் கண்ணுக்கு என்ன கோபம்? அது பாட்டுக்கு வரப்பைத் தாண்டிப் போகும். தங்கை செடியின் நுனியைக் கிள்ளினால் மறுநாள் இவர் கிள்ளுவார். தங்கை ஓரத்தில் சோளம் போட்டால் இவரும் போடுவார். பூச்சி ஒட்டிக்கொள்ளட்டும் என்று அவள் எண்ணெய் தடவிய மஞ்சள் அட்டைகளைக் கட்டினாள். அட்டை எங்கே வாங்குவது என்று கேட்க வாய் வராமல், இராமலட்சுமி கட்டாமல் வைத்திருந்த மஞ்சள் சேலையைத் துண்டு துண்டாகக் கிழித்து விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டார். பூச்சி ஒட்டியது உண்மை. வீட்டில் ஒரு வாரம் அவருக்குச் சோறு சத்தமாக வைக்கப்பட்டதும் உண்மை.

போன வருஷம் நாகலெட்சுமி தன் புஞ்சையின் வடகிழக்கு மூலையில் ஒரு கம்பு நட்டு நீல வாளி ஒன்றைத் தொங்கவிட்டாள். நாகநாதன் இரண்டு நாள் அதை உற்றுப் பார்த்தார். பிறகு முதுகுளத்தூர் போய் அதே நீலத்தில் வாளி வாங்கி, அதே மூலையில், அதே உயரத்தில் தொங்கவிட்டார். எதற்கு என்று தெரியாது. தெரியாது என்று சொல்லிவிட முடியுமா? நீல நிறம் ஒரு வகை இலைப்பேனை இழுக்கும், வாடைக்காற்றின் வேகத்தை உடைக்கும் என்று ஒரு விளக்கம் தயாரித்து வைத்திருந்தார். கவிப்ரியா அதையும் டேப்பில் ஏற்றிக்கொண்டாள், பாவம்.

போகும்போது அந்தப் பெண் ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். ஊரில் எல்லோருமே நானாகத்தான் என்று சொல்கிறார்களாம். ஒரே மாதிரி உழுது, ஒரே மாதிரி விதைத்து, ஒரே மாதிரி காயப்போடுகிற ஊரில் ஒருத்தரும் ஒருத்தரிடமும் கற்கவில்லை என்றால் தன் பேராசிரியர் நம்பமாட்டார் என்று கவலைப்பட்டாள். நாகநாதன் மற்றவர்களைப் பற்றி மட்டும் சந்தேகப்பட்டார்.

அந்த வருஷம்தான் சிக்கல் வந்தது. சத்யப்பிரியா கல்யாணமாகித் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவளுக்குப் பிரசவம் நெருங்கியது. டாக்டர் பயணம் வேண்டாம் என்றதால் பிரசவத்துக்குத் தாய்வீடு வர முடியவில்லை. தாயே பெட்டியைக் கட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டாள். நாகலெட்சுமியின் புஞ்சை உழுதது உழுதபடி கிடந்தது.

மழையை நம்பி மிளகாய் விதைக்கிறவனுக்கு வருஷத்தில் முக்கியமான முடிவு ஒன்றே ஒன்றுதான், விதைக்கிற நாள். மழைக்கு முந்திப் புழுதியில் விதைக்க வேண்டும். ரொம்ப முந்தினால் எறும்பு இழுத்துக்கொண்டு போகும், இல்லை ஒரு தூறலுக்கு முளைத்துக் கருகும். பிந்தினால் கரிசல் மண் சேறாகிக் காலைப் பிடித்துக்கொள்ளும், பிறகு புஞ்சைக்குள் இறங்கவே முடியாது. வருஷா வருஷம் நாகலெட்சுமி ஒரு நாள் விதைப்பாள், மறுநாள் நாகநாதன் விதைப்பார், தப்பாமல் மழை வரும். இப்போது வரப்புக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லை. அவள் எப்போது விதைத்தாள் என்பது அவருக்கு மனப்பாடம், எதைப் பார்த்து விதைத்தாள் என்பது சுத்தமாகத் தெரியாது. போன வருஷம் வெள்ளாமை சரியில்லை. இந்த வருஷமும் போனால் புஞ்சையைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மகன் இருக்கிற சென்னைக்குப் போய் அப்பார்ட்மென்ட் வாசலில் உட்கார வேண்டியதுதான்.

தினமும் காலையும் சாயங்காலமும் கிழக்கு வரப்பில் போய் நின்றார். காலிப் புஞ்சையை வெறித்துப் பார்த்தார். ஒருநாள் அப்படியே நின்றுவிட்டு, கழற்றிப்போட்ட செருப்பைக்கூட மறந்து வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தார். செருப்பை எங்கே தொலைத்தீர் என்று இராமலட்சுமி கேட்டதற்கு, வெறுங்காலில் நடப்பது உடம்புக்கு நல்லது என்றார்.

மறுநாள் மத்தியானம் புஞ்சையின் மேற்கு ஓரத்தில் நிற்கும்போது இன்னொரு சங்கதி தெரியவந்தது. அவருடைய மேற்குப் பக்கத்துப் புஞ்சைக்காரர் பாண்டித்துரை, நாலு எட்டில் வந்து பக்கத்தில் நின்று, தலையைச் சொறிந்தார். மேகம் தெற்கே கூடிக்கொண்டிருந்தது.

"என்னண்ணே, இன்னும் வெதைக்காம நிக்கிறீக? எதாச்சும் கணக்கு வச்சிருப்பீகளே" என்றார்.

நாகநாதன் திரும்பிப் பார்த்தார். பாண்டித்துரையும் விதைக்கவில்லை. பாண்டித்துரைக்கு அடுத்த புஞ்சையிலும் விதை விழவில்லை. அதற்கு அடுத்ததிலும் இல்லை. குளத்தங்கரை வரைக்கும் உழுத மண் சும்மா கிடந்தது, வரப்புக்கு ஒருவராகக் கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதாவது இத்தனை வருஷமாக எல்லோருடைய கண்ணும் நாகநாதன் மேலே இருந்திருக்கிறது! வேறொரு நாளாக இருந்தால் அவருக்கு உச்சி குளிர்ந்திருக்கும். அன்றைக்கு அங்கிருந்து நழுவ வழி தேடினார். மண் இன்னும் பக்குவப்படவில்லை, பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, சொன்ன கையோடு வீட்டுக்கு நடையைக் கட்டினார்.

வீட்டில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டு, திருப்பூர் நம்பர் யாரிடமாவது இருக்குமா என்று பொதுவாகக் காற்றிடம் விசாரித்தார். இராமலட்சுமி இடுப்பிலிருந்த போனை எடுத்து ஒரே அழுத்தில் கூப்பிட்டு அவர் கையில் திணித்தாள். பன்னிரண்டு வருஷமாக வாரம் தவறாமல் நாத்தனாரோடு பேசிக்கொண்டிருப்பவளுக்கு நம்பர் தேடும் வேலை எதற்கு?

அந்தப் பக்கம் எடுத்த எடுப்பில், சொல்லுங்க மதினி என்ற குரல் கேட்டது. நாகநாதனுக்கு நல்லா இருக்கியா என்று தொடங்க வேண்டும் என்பது தெரியும். வாயில் வந்தது வேறு.

"எப்ப வெதைக்கணும்?"

போனில் பின்னால் பச்சைக்குழந்தை ஒன்று சிணுங்கியது.

"யாரு பேசுறது?" என்றாள் நாகலெட்சுமி. குரல் தெரியாமல் இல்லை.

"நாந்தேன்."

"நாந்தேன்னா?"

நாகநாதன் கண்ணை மூடிக்கொண்டார். "அண்ணன் பேசுறேன்" என்றார்.

இந்த இரண்டு வார்த்தைக்குப் பன்னிரண்டு வருஷம். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சளி பிடித்திருக்கிறதோ என்று கேட்க நினைத்தவர், நல்லவேளை, கேட்கவில்லை. பிறகு நாகலெட்சுமி மெல்லச் சிரித்தாள்.

"அத எங்கிட்ட வந்து கேக்குறியே. உன்னையப் பாத்துத்தேன நான் வெதப்பேன்."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். அய்யா அண்ணனை மட்டும்தான் விதைப்புக்குக் கூட்டிக்கொண்டு போவாராம். அவள் வரப்பில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்ததுதானாம். அய்யா செய்ததைத்தான் அண்ணன் இன்றைக்கும் செய்கிறாராம்.

"குதிங்காலால மண்ணத் திருகுவ. நாலஞ்சு நா திருகிட்டுப் பேசாமப் போயிருவ. ஒரு நா மட்டும் செருப்பக் கழட்டிப் போட்டுட்டு அங்கனயே நிப்ப. மேல சுட்டு, உள்ள குளுந்துருக்கும் போல. அன்னைக்கே நான் வெதைய எடுத்து வச்சிருவேன். இந்த வருசம் நின்னியா?"

நாகநாதன் குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தார். இராமலட்சுமியும் பார்த்தாள்.

"நேத்து" என்றார்.

"அப்ப இன்னைக்கே பிந்திப்போச்சுண்ணே."

உன் புஞ்சை என்னாவது என்று கேட்டார். இந்த வருஷம் தரிசுதான், பிள்ளையை விட்டுவிட்டு எங்கே வருவது, பேத்தி பிறந்து நாலு நாள்தான் ஆகிறது என்றாள் அவள். நாகநாதன் பதில் சொல்லாமல் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். கோபம் என்று தங்கை நினைத்திருப்பாள். கண்ணைத் துடைப்பதைத் தெருவில் யாரும் பார்க்காமல் இருக்க வேண்டுமே என்பதுதான் அவர் கவலை.

நேராகப் புஞ்சைக்குப் போனார். வரப்போரம் செருப்பு கிடந்தது, ஒன்று மல்லாந்து கிடந்தது. பக்கத்திலேயே, பார்த்துக்கொண்டே, குதிகாலை மண்ணில் திருகினார். தெரிந்து செய்யும்போது கூச்சமாக இருந்தது, யாரோ போட்டோ எடுப்பதுபோல. மேலே சூடு. உள்ளே, அய்யா கையைத் தொட்டதுபோல, குளிர்ச்சி. இத்தனை வருஷம் இது அவர் காலுக்குத் தெரிந்திருக்கிறது, அவருக்குத்தான் தெரியவில்லை.

விடிந்ததும் இராமலட்சுமி இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினாள். நாகலெட்சுமி வீட்டுச் சாவி. விதை எந்தப் பானையில் இருக்கிறது என்பதுவரை அவளுக்குத் தெரிந்திருந்தது. தன்னைச் சுற்றி ஒரு ராஜாங்கமே நடந்திருப்பது நாகநாதனுக்குப் புரிந்தது, ஆனால் அதைப் பற்றி வாயைத் திறக்க அவருக்கு யோக்கியதை இல்லை. வாடகை டிராக்டரைக் கூப்பிட்டுக்கொண்டு போனார். போனவர் தன் புஞ்சையில் இறங்கவில்லை. கிழக்கு வரப்பைத் தாண்டித் தங்கையின் புஞ்சையில் இறங்கி, முதல் கை விதையை அங்கே வீசினார். அங்கே முடித்த பிறகுதான் தன்னுடையதற்கு வந்தார்.

பாண்டித்துரை அரண்டுபோனார். அடுத்தவர் புஞ்சையில் முதலில் விதைப்பது என்ன புது முறை என்று அவருக்குப் பிடிபடவில்லை. அரைமணி நேரம் தாடையைத் தடவிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று தனக்கு மேற்கே இருந்தவரின் மூலையில் இரண்டு கை விதையைத் தூவிவிட்டு வந்து தன் வேலையைத் தொடங்கினார். சாயங்காலத்துக்குள் குளத்தங்கரை வரைக்கும் விதை விழுந்துவிட்டது. அதற்கு அடுத்த நாள் மழை கொட்டியது.

மாசியில் பழம் சிவந்து நின்றபோது நாகலெட்சுமி திரும்பி வந்தாள். வரப்பில் நின்று தன் புஞ்சையை ஒரு பார்வை பார்த்தாள். விதையை நெருக்கிப் போட்டுவிட்டாய், இன்னும் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தால் காய் பெரிதாகியிருக்கும் என்று அண்ணனிடம் சொன்னாள். நன்றி என்ற சொல்லெல்லாம் அந்தக் குடும்பத்தில் புழக்கத்தில் இல்லை. நாகநாதன் தலையை ஆட்டி, அடுத்த வருஷம் நேரில் காட்டு என்றார். பல் விளக்கும்போது தனக்கும் அப்படித் தோன்றியதாக அவர் சொல்லாதது பெரிய முன்னேற்றம்.

அன்றைக்குப் பார்த்துக் கவிப்ரியாவும் டேப்போடு வந்தாள். முதலில் பாண்டித்துரையைப் பிடித்தாள். அவர் நெஞ்சை நிமிர்த்தி, யாரும் சொல்லித்தரவில்லை, எல்லாம் நானாகத்தான் என்றார். அவர் புஞ்சையின் வடகிழக்கு மூலையில் புத்தம்புதிய நீல வாளி ஆடிக்கொண்டிருந்தது. அடுத்து நாகநாதனிடம் வந்தாள். பதில் தெரிந்ததுதானே என்ற சலிப்போடு, விதைப்பை யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டாள். வரப்புக்கு அந்தப் பக்கம் பழம் பறித்துக்கொண்டிருந்த நாகலெட்சுமியின் கை அப்படியே நின்றது.

நாகநாதன் தொண்டையைச் செருமினார்.

"எழுதிக்க தாயி. நாகலெட்சுமி. எங்கூடப் பொறந்தவ."

சரி, அவங்க யாரிடம் கற்றாங்க என்று கவிப்ரியா கேட்டாள். நாகநாதன் தன்னையே கை காட்டினார். இப்படி ஒரு பதிலுக்கு டேப்பில் இடமில்லை என்றாள் அந்தப் பெண். இடம் போட்டுக்கொள் என்றார் அவர்.

நாகலெட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், மிளகாய்க் கை என்பதைக்கூட மறந்து. கண் எரிந்தது, அதற்காக மட்டும் அழவில்லை. நேராக வடகிழக்கு மூலைக்குப் போனாள். நீல வாளியை இறக்கி, உள்ளேயிருந்து தூக்குச்சட்டியை எடுத்தாள். நாய் வாய் வைத்துவிடும் என்று மத்தியானச் சோற்றை அவள் அந்த வாளியில்தான் வைத்துத் தொங்கவிடுவாள்.

"அண்ணே, சாப்பிட வா" என்று கூப்பிட்டாள்.

நாகநாதன் அந்தத் தூக்குச்சட்டியைப் பார்த்தார். தன் மூலையில் காலியாகத் தொங்கும் வாளியைப் பார்த்தார். மேற்கே பாண்டித்துரையின் வாளியையும் பார்த்தார். பிறகு வரப்பைத் தாண்டிப் போய்த் தங்கைக்கு எதிரே உட்கார்ந்தார். அவள் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து, முதல் உருண்டையை அவர் கையில் வைத்தாள்.

"ஆமா, உன் வாளி எதுக்குண்ணே தொங்குது?" என்றாள்.

"சும்மாதேன்" என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு கேள்வி வராமல் இருக்க, உருண்டை முழுவதையும் அவர் ஒரே வாயில் போட்டுக்கொண்டார்.